தனியொருவர் வாங்கும் முதல் வீடு

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் வீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று நம் செயலாளர் அவர்களிடம் ஒருவர் கேட்டாராம். கேள்வி நியாயமானதே. கல்வியைப் பற்றிப் பேச என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் இருக்கின்றனர். நான் வீட்டுக்கடன் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, முப்பது ஆண்டுக் காலம் பிறர் வீட்டுப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்து ஓய்வு பெற்றவள். ஆயினும் இக்கழகத்தின் இரவுப் பள்ளியில் படித்து வேலைக்குச் சென்ற பிள்ளைகள் இன்று என்னைத் தேடி வந்து கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அம்மா, வாடகை வீட்டில் மரியாதையோடு இருக்க முடியவில்லை. நான் ஒருவர் சம்பாத்தியம். சொந்தமாக ஒரு வீடு வாங்க முடியுமா?” இக்கேள்வி கல்வியின் தொடர்ச்சியேயாகும். படித்தவனுக்கும் படித்தவளுக்குமே இக்கேள்வி பிறக்கிறது.

1917ஆம் ஆண்டு, கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர் அவர்கள் பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் அவர் தங்க ஓரிடமில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். உண்மை அறிந்த பார்சிகள் சிலர் தடிகளோடு வந்து சூழ்ந்து, மாலைக்குள் காலி செய்யுமாறு மிரட்டினர். நண்பர் இருவரைக் கேட்டுப் பார்த்தார், இருவரும் இடந்தரவில்லை. பொதுப் பூங்காவில் காத்திருந்து இரவு இரயிலேறிப் பம்பாய் திரும்பினார். படிப்பு, பதவி, சம்பளம் மூன்றும் இருந்தன. கதவு ஒன்று இல்லை. அதே பெருமகனார் 1930களின் தொடக்கத்தில் பம்பாய் தாதரில் தமக்கென ஒரு வீடு கட்டினார். ‘இராஜகிருகம்’ என்பது அதன் பெயர். அவ்வீட்டில் அவர் முதன்மையாக இடம் ஒதுக்கியது தம் நூல்களுக்கு. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நம் இளைஞர்கள் நினைவில் வைத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

நூறாண்டு கடந்தபின் தடிகள் மறைந்துள்ளன. “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அசைவம் சமைப்பீர்களா?” என்னும் கேள்விகள் அவற்றின் இடத்தில் வந்துள்ளன. தில்லித் தலைநகர்ப் பகுதியில் வாடகை வீடு தேடுவோர்க்குச் சாதியாலும் மதத்தாலும் நேரும் மறுப்பைப் பேராசிரியர் சுகதேவ் தோரட் முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். நமக்கு அவ்வாய்வு புதிய செய்தி எதையும் கூறவில்லை. நம் அனுபவத்துக்கு ஆவணம் தந்தது. வாங்கப் போனாலும் இஃது உண்டு. 1996இல் நான் ஒரு சிறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்தேன். பத்திரம் எழுதுவதற்காக என் தந்தையார் பெயரையும் ஊரையும் கேட்டறிந்த விற்பனையாளர், மூன்றாம் நாள் வந்து, “வீட்டில் பெரியவர்களுக்குச் சம்மதமில்லை” என்று பணத்தைத் திருப்பித் தந்தார். மறுவருடம் ஆவடிக்கு அப்பால் வேறொரு வீடு வாங்கினேன். ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. இன்றும் அதில்தான் இருக்கிறேன்.

இதனை நான் கூறுவது இரக்கத்திற்காக அன்று. முப்பதாண்டுகள் பத்திரங்களைப் பார்த்ததில் நான் கண்டது ஒன்றுண்டு. வாடகை வீட்டில் அவமானப்பட்டவர் அவசரப்படுகிறார். “எவ்வாறேனும் ஒரு வீடு” என்று துடிக்கிறார். அத்துடிப்பை மோப்பம் பிடிப்பதில் நிலத் தரகரைப் போன்றவர் எவருமிலர். அடுத்தவர் வாங்க மறுத்த மனை, வழக்கில் உள்ள மனை, ஏரிக்கரை மனை, வெறும் ‘பவர்’ காகிதத்தில் கைமாறும் வீடு ஆகிய இவை நம்மிடம் வந்து சேர்வது இவ்வழியாகத்தான். “நீங்கள் யாரென்று நான் கேட்கமாட்டேன்” என்று ஒரு தரகர் இனிமையாகப் பேசினால், அவரிடம் உள்ள பத்திரத்தை இருமுறை பார்க்க வேண்டும் என்பேன். அவமானத்தின் விலையை வீட்டின் விலையோடு சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கையில் 30,000 ரூபாய் வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தனியாளுக்கு மாதத் தவணை வருமானத்தில் மூன்றிலொரு பங்கைத் தாண்டலாகாது. வங்கி பாதி வரை போகலாம் என்று சொல்லும்; அது வங்கியின் கணக்கு. இரு சம்பளம் உள்ள வீட்டில் ஒருவர் வேலை இழந்தால் மற்றவர் இருக்கிறார். தனியாள் நோயுற்றால் தவணை கட்ட வேறு கையில்லை. எனவே 9,000 ரூபாய் தவணை என்று வைத்துக்கொண்டால், 9 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் கடன் கிடைக்கும். முதல் மாதம் கட்டும் 9,000இல் 7,500 ரூபாய் வட்டிக்கே போகும். அசலில் கழிவது 1,500தான். 20 ஆண்டு முடிவில் கட்டிய மொத்தம் 21 லட்சத்து 59 ஆயிரம். இதைக் கேட்டு மலைக்க வேண்டாம். ஆண்டுக்கு ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்டிவந்தால் கடன் மூன்று ஆண்டுக்கும் முன்னதாகவே தீரும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் அபராதம் வாங்கலாகாது என்று 2012இலேயே ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது.

வீட்டின் விலை 16 லட்சம் என்று கொள்வோம். சென்னைக்குள் இத்தொகைக்கு வீடு கிடைப்பது அரிது. புறநகர் இரயில் பாதை ஓரத்து ஊர்களில், பழைய அடுக்கு வீடுகளில் தேட வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் தேடலாம். கடன் 10 லட்சம் போக 6 லட்சம் கையில் வேண்டும். அத்தோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 1 லட்சத்து 44 ஆயிரம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள வீட்டுக்கு வங்கிகள் இச்செலவைக் கடன் கணக்கில் சேர்ப்பதில்லை. இதுவும் ரிசர்வ் வங்கியின் விதி. வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், மின் இணைப்புப் பெயர் மாற்றம், வெள்ளையடிப்பு என்று மேலும் ஐம்பதாயிரம் போகும். ஆகவே 16 லட்ச வீட்டுக்குக் கைப்பணமாக வேண்டுவது 8 லட்சம். இதனை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. மாதம் 6,000 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால், 7 விழுக்காட்டு வட்டியில், எட்டு ஆண்டுகளில் ஏழரை லட்சத்தைத் தாண்டும். 24 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் 32 வயதில் வாங்கலாம். எட்டாண்டா என்று கேட்பீர்கள். ஆம், எட்டாண்டு. அவ்வெட்டாண்டில் சம்பளமும் உயரும். அவசரமாக 26 வயதில் தனிநபர்க் கடனும் நகைக்கடனும் வாங்கி முன்பணம் கட்டியவர்களின் கடன் ஏடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

பெண் பெயரில் பதியப்படும், 10 லட்சம் வரை மதிப்புள்ள வீடு, மனைகளுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை 1.4.2025 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளோர்க்கு வட்டி மானியம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை உண்டு. ஆனால் குடும்பத்துக்கு வேறெங்கும் பக்கா வீடு இருத்தலாகாது. திருமணமாகாதவர் பெற்றோரின் குடும்பத்திலேயே எண்ணப்படுவதால், காலனியில் தந்தை பெயரில் அரசு கட்டித் தந்த வீடு இருப்பின் சிக்கல் எழும். மானியத்தை நம்பி விலை பேசும் முன் இதைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

இனி, பத்திரம். இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் குடியிருந்த மண்ணுக்கு நம்மிடம் காகிதம் இருந்ததில்லை. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை எழுதிய பின், 1892இல் அன்றைய சென்னை அரசு தாழ்த்தப்பட்டோர்க்கு நிலம் ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது அதுவே. முதற் பத்தாண்டுகள் விற்கலாகாது, அதன்பின் விற்றாலும் தாழ்த்தப்பட்டோர்க்கே விற்றல் வேண்டும் என்பன நிபந்தனைகள். அந்நிலங்கள் பலவும் எவ்வாறு கைமாறின என்பதும், 1994 அக்டோபரில் காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை எனும் இருவர் உயிர் நீத்ததும் நீங்கள் அறிந்தவை. வரலாற்றுக்காக மட்டும் இதை நான் எடுக்கவில்லை. அவ்வகை நிலங்களும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, வண்ணக் கொடி நட்டு விற்கப்பட்டிருக்கின்றன. “நாம்தான் தாழ்த்தப்பட்டோர் ஆயிற்றே, வாங்கினால் என்ன?” என்று ஒரு தம்பி கேட்டார். விற்பவர் நம்மவரல்லாதார் எனில், அவர்க்கே உரிமை வந்து சேரவில்லை. இல்லாததை அவர் எவ்வாறு உங்களுக்குத் தருவார்? ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அந்தப் புல எண்ணுக்குரிய ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, அரசு ஒப்படை நிலமா, நிபந்தனை ஏதும் உண்டா என்று அறிதல் வேண்டும். பிற்காலத்தில் அரசு வழங்கிய இலவச வீட்டுமனைப் பட்டாக்களிலும் விற்பனை பற்றிய நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருக்கும். பட்டாவின் பின்பக்கத்தையும் படியுங்கள்.

குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளைப் பற்றியும் ஒரு சொல். 1970இல் தோன்றிய அவ்வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. அங்கே பலரிடம் உள்ளது ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் அன்று. தவணை முழுதும் கட்டி வாரியத்திடமிருந்து கிரயப் பத்திரம் பெறாதவர், வெள்ளைத் தாளிலோ பொது அதிகார ஆவணத்திலோ அவ்வீட்டை விற்க முற்படின், விலை எவ்வளவு குறைவாயினும் விலகிக்கொள்ளுங்கள். வாங்கியவர் பணமும் போய், விற்றவர் குடும்பமும் தெருவில் நின்றதை நான் கண்டதுண்டு. இருவரும் நம் மக்களே.

பொதுவாக எவ்வீட்டுக்கும் பார்க்க வேண்டியவை யாவை? மூலப் பத்திரம், அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை வந்த எல்லாப் பத்திரங்கள், குறைந்தது முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, சொத்துவரி இரசீது, கட்டட அனுமதி. வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறையின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் காணலாம். பட்டாவையும் அவ்வாறே வருவாய்த் துறைத் தளத்தில் காணலாம். கைப்பேசியில் திரைப்படம் பார்க்கத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இஃது அரைமணி நேர வேலை. ஆனால் வில்லங்கச் சான்று எல்லாம் சொல்லிவிடாது. பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் தெரிவதில்லை. விற்பவருடைய உடன்பிறந்த சகோதரிகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் 1989 முதலும், நாடு முழுவதும் 2005 முதலும் மகள்கட்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்குண்டு. அண்ணன் தம்பி மட்டும் கையொப்பமிட்ட பாகப் பத்திரத்தைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

மனையாயின் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி வேண்டும். 20.10.2016க்கு முன் அனுமதியின்றிப் பிரித்து விற்கப்பட்ட மனைகளை வரைமுறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அவ்வாறு வரைமுறையான ஆணை உண்டா என்று பார்க்க வேண்டும். புதிய அடுக்ககமாயின், 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி பதிவெண் உண்டா, கார்ப்பெட் ஏரியா எனும் உட்பரப்பு எவ்வளவு, பிரிபடாத நிலப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். 700 சதுர அடி என்று விளம்பரப்படுத்திய வீட்டின் உள்ளே 500 சதுர அடிதான் இருக்கும். சுவர் ஐம்பதாண்டில் இடியும். நிலப் பங்குதான் எஞ்சும். மேலும், வீட்டைச் சித்திரையில் பார்க்காதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் பாருங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடி வரை தண்ணீர் ஏறிய வீடுகள் கோடைகாலத்தில் அழகாகவே இருந்தன.

பணம் கொடுக்கும்போது ஒரு ரூபாயாயினும் வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். விலை ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். வங்கி வழக்கறிஞர் பார்த்துவிட்டார், இனி நமக்கென்ன என்று இருத்தலாகாது. அவர் பார்ப்பது வங்கியின் நன்மைக்காக. உங்களுக்கென ஒருவரை வைத்து, உரிய கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, தங்கைமார்க்குச் சிறப்பாகச் சில சொல்ல வேண்டும். தனியாக வீடு வாங்கப் புறப்படும் பெண்ணிடம் வீட்டார் முதலிற் கூறுவது, “அண்ணன் பெயரில் வாங்கிவிடு, நாளை நீ கலியாணமாகிப் போகிறவள்” என்பதே. அன்பினால்தான் கூறுகின்றனர். ஆயினும், 1988ஆம் ஆண்டின் பினாமிச் சட்டத்தின்படி, உங்கள் பணத்தில் உடன்பிறந்தான் ஒருவன் பெயரில் மட்டும் வாங்கிய வீட்டை நாளை “என்னுடையது” என்று வழக்காடிப் பெற இயலாது. கூட்டாக இருவர் பெயரும் பத்திரத்தில் இருப்பின் வேறு. உங்கள் உழைப்பில் வாங்கியது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவின்படி அது முழுவதும் உங்களுடையது.

அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பெரும்பாலோர் அறியார். மணமான இந்துப் பெண், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில், அவ்வீடு கணவரின் வாரிசுகட்கே முதலிற் செல்லும். அவளைப் படிக்க வைத்த தாய் தந்தையர் அவர்களுக்குப் பின்னரே வருவர். கணவரை இழந்து, மகப்பேறின்றி, தாய்வீடு திரும்பி உழைத்த பெண்ணுக்கும் இதுவே விதி. 2009இல் உச்ச நீதிமன்றமும் இச்சட்டத்தை அவ்வாறே பொருள் கொண்டது. கிறித்தவராயுள்ள நம் உறவினர்க்கு 1925ஆம் ஆண்டின் சட்டம் வேறு விதம் கூறும். எதுவாயினும், வீடு வாங்கிய ஆண்டிலேயே உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டால் போதும். முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமில்லை. முப்பது வயதில் உயிலா என்று சிரிக்கின்றனர். சிரிக்கட்டும்.

குடும்பத்தில் முதன்முதல் சம்பளம் வாங்கும் ஆள் என்னும் சுமை தம்பியர்க்கும் உண்டு, தங்கையர்க்கும் உண்டு. தம்பியின் கல்லூரிக் கட்டணம், அக்கா மகளின் சடங்கு, அப்பாவின் மருத்துவம் எல்லாம் ஒரே கையை நோக்கி வருகின்றன. “அவற்றை மறந்து வீட்டுக்குச் சேமி” என்று நான் கூறேன். அவ்வாறு கூறுவோர் நம் வீடுகளை அறியாதவர். மாதம் இவ்வளவு என்று குறித்து, முதல் தேதியிலேயே கொடுத்துவிடுங்கள். குறித்த தொகைக்கு மேற்பட்ட கேள்விக்கு “அடுத்த மாதம்” என்று சொல்லப் பழகுங்கள். தம்பியின் கல்லூரிக் கட்டணம் என்று வரும்போது மட்டும் வீடு ஓராண்டு தள்ளிப் போகலாம். நான் அவ்வாறு இரண்டாண்டு தள்ளிப்போட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

கடன் வாங்கிய பின் ஆறு மாதத் தவணைத் தொகையைத் தொடாமல் தனியே வைத்திருங்கள். வங்கி தரும் ஒரே தவணைக் காப்பீட்டுக்குத் தலையசைக்கும் முன், வெளியில் சாதாரண ஆயுள் காப்பீட்டின் விலையைக் கேட்டுப் பாருங்கள். தவணை தவறி, கடன் வாராக்கடனாகிவிட்டால், 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டப்படி வங்கி அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து வீட்டைக் கைப்பற்றலாம். அறிவிப்பு வந்தபின் ஓடுவதைவிட, முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று நிலைமையைச் சொல்லுவது மேல். எங்கள் சங்கத்தில் முன்கூட்டி வந்து சொன்னவர்க்குத் தவணைக் காலத்தை நீட்டித் தந்ததுண்டு. ஒளிந்தவர்க்குத் தர வழியிருந்ததில்லை.

கடன் முடிந்தால் முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், வங்கியின் தவறால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2023இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டுள்ளது. பத்திரம் கைக்கு வந்ததும் அடைமான இரத்தையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கழகத்தின் நூலக அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணி முதல் நான் இருப்பேன். வீடோ மனையோ பார்த்து வைத்திருப்போர் பத்திரங்களைக் கொண்டு வந்தால் படித்துச் சொல்கிறேன். நகல்களை மட்டும் கொண்டு வாருங்கள். மூலப் பத்திரத்தைப் பேருந்தில் எடுத்துவர வேண்டாம். முன்பணம் கொடுத்த பிறகு வராதீர்கள், கொடுக்கும் முன் வாருங்கள்.